எதிர்மறை மின்தடை சர்க்யூட்டுகள்: ஸ்பைஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸை எதிலும் இணைக்காமல் விட்டு, கலெக்டரைத் தரையில் மாட்டி, எமிட்டருக்கு ஒரு கிலோ ஓம் வழியாக 12 வோல்ட் கொடுங்கள். எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர். பிரெட்போர்டில் பெரும்பாலும் ரம்பப்பல் அலை வரும். சர்க்யூட்டைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளிலோ கெப்பாசிட்டர் 12 வோல்ட் வரை ஏறி அப்படியே நின்றுவிடும்.

காரணம், ஸ்பைஸ் டிரான்சிஸ்டருக்குப் பயன்படுத்தும் வழக்கமான கம்மல்-பூன் மாடலில் அவலாஞ்ச் பிரேக்டவுனே (தலைகீழ் வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டியதும் கரண்ட் திடீரெனப் பெருகுவது) கிடையாது. இதைப் பார்த்ததும் பலர் எமிட்டர்-பேஸ் நடுவே ஒரு ஜீனர் டயோடைச் சேர்க்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. கரண்ட் பாயும், ஆனால் வோல்டேஜ் ஜீனர் அளவிலேயே நிற்கும், பின்வாங்காது. நிஜத்தில், கரண்ட் கூடக் கூட டிரான்சிஸ்டரின் ஆல்ஃபா (ஒரு முனையில் நுழையும் கரண்டில் மறுமுனையை எட்டும் பங்கு) உயர்வதால், குறைந்த வோல்டேஜிலேயே அவலாஞ்ச் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. கரண்ட் ஏற ஏற வோல்டேஜ் இறங்கும் அந்தச் சரிவுதான் எதிர்மறை மின்தடை. எனவே ஜங்ஷனைக் கடக்கும் கரண்டை M = 1/(1−(V/BV)ⁿ) என்ற மில்லர் சூத்திரத்தால் பெருக்கும் பிஹேவியரல் சோர்ஸ் (நாம் எழுதும் சூத்திரப்படி இயங்கும் சோர்ஸ்) தேவை; இதில் V ஜங்ஷன் வோல்டேஜ், BV பிரேக்டவுன் வோல்டேஜ், n பொருத்தும் எண். அதோடு குறைந்த கரண்டில் ஆல்ஃபாவைக் குறைக்கும் கசிவு அளவுருவும் வேண்டும். இங்கே உள்ளதுபோல எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிய தலைகீழ் இணைப்பில் அது ஐஎஸ்சி (ISC, பேஸ்-கலெக்டர் கசிவு). கொடுக்காவிட்டால் ஸ்பைஸ் அதைச் சுழியாக எடுத்துக்கொள்ளும், ஆல்ஃபா மாறாது, சரிவும் வராது.

அடுத்தது, வோல்டேஜ்-கரண்ட் வளைவை வரையும்போது தவறான சோர்ஸைப் பிடிப்பது. இந்தச் சர்க்யூட்டும், பிஎன்பி-என்பிஎன் ஜோடியும் எஸ் வடிவ வளைவு கொண்டவை: ஒரே வோல்டேஜுக்கு மூன்று கரண்ட் இருக்கலாம். வோல்டேஜை ஏற்றிப் பார்த்தால் நடுப்பகுதி தெரியாது; விடை குதிக்கும், அல்லது கணக்கு விடைக்குக் கன்வர்ஜ் ஆகாமல் நின்றுபோகும். கரண்ட் சோர்ஸால் ஏற்றுங்கள். இரண்டு ஜேஃபெட்டில் அமைக்கும் லாம்டா டயோடு நேர் எதிர், அங்கே வோல்டேஜ் சோர்ஸ்தான் சரி.

ஏசி அனாலிசிஸ் (இயங்குபுள்ளியைச் சுற்றிய சிறு சிக்னல் கணக்கு) அழகான கோடு காட்டினால் நம்பிவிடாதீர்கள். இயங்குபுள்ளி நிலையானதா என்று அது பார்ப்பதே இல்லை. நேரத்தோடு அலையைக் கணக்கிடும் டிரான்சியண்டில் பார்த்தால்தான் தெரியும், அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: ஸ்பைஸ் நிலையற்ற சமநிலையிலேயே உட்கார்ந்துகொண்டு, ஆஸிலேஷன் தொடங்காமல் போகலாம். சப்ளையைச் சுழியிலிருந்து ஏற்றுங்கள், அல்லது ஒரு சிறு பல்ஸ் கொடுங்கள். எல்சி ஆஸிலேட்டர் என்றால், டிரான்சியண்டைக் கணக்கிடும் முறைகளில் கியர் முறையைத் தவிருங்கள். பெரிய டைம்ஸ்டெப்பில் அது நிஜமான ஆஸிலேஷனையே தணித்துவிடும். டிரப்பிஸாய்டல் முறையில், ஒரு சுற்றுக்கு 50 புள்ளிகளாவது விழும்படி அதிகபட்ச டைம்ஸ்டெப்பை வையுங்கள்.