வயிறு வளரும் மாதங்களில் வெளிவேலைக்கு என்ன உடுத்துவது?

வண்டிக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடும் அந்த மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளிநாடு வந்த இரண்டாம் வருடம். சாலையோரத்தில் மரக்கன்று நடுவதும் கிளை கழிப்பதும் என் வேலை. கர்ப்பத்தின் ஆறாம் மாதம் தொடங்கியபோது ஜாக்கெட்டின் ஜிப் பாதி வயிற்றுக்கு மேல் ஏறவில்லை. நமக்குத் தெரிந்த வழி என்ன? உள்ளே விட்டுவைத்த தையலைப் பிரித்துவிடுவது. என் அம்மா தைத்த ஒவ்வொரு ரவிக்கையிலும் அதற்கென்றே மூன்று வரிசைத் தையல் இருக்கும். கம்பெனி கொடுத்த ரெடிமேட் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், ஓவர்லாக் ஓரத்தைத் தாண்டி ஒரு நூல் இடம்கூட இல்லை. அதனால் இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை வெட்டினேன். அதே மஞ்சளில் துணி தேடி வாங்கி, நீள முக்கோணமாக வைத்துத் தைத்தேன். தையல் அவ்வளவு சுத்தம். அந்த வேலைப்பாட்டில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மறுவாரம் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர் என்னைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னார். உடம்பைச் சுற்றி வர வேண்டிய வெள்ளிப் பட்டை இரண்டு பக்கமும் அறுந்திருந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஜாக்கெட் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளுக்கும் சம்பளம் இல்லை, வெட்டிய ஜாக்கெட்டின் விலையையும் பிடித்துக்கொண்டார்கள். “போன மாதமே கேட்டிருந்தால் பெரிய சைஸ் வரவழைத்திருப்பேனே” என்று சூப்பர்வைசர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த மஞ்சள் வெறும் நிறமில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அது திருப்பிவிடுகிறது. மேகம் மூடிய மாலையிலும் பளிச்சென்று தெரிவது அதனால்தான். நான் வாங்கிய சாதாரண மஞ்சள் துணிக்கு அந்தக் குணம் கிடையாது. வெள்ளிப் பட்டையின் வேலை இருட்டில். வண்டி விளக்கின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அது இடுப்போரம் அறுந்தால், பக்கத்திலிருந்து வரும் ஓட்டுநருக்கு நான் பாதி ஆள்தான். உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எந்தத் தரத்துக்குச் சான்று பெற்றது என்பது, ஐரோப்பாவில் ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்றும், வட அமெரிக்காவில் ஆன்சி 107 என்றும் பெரும்பாலும் இருக்கும், கூடவே வகுப்பு எண்ணும் இருக்கும். ஐரோப்பியக் கணக்கில் இரண்டாம் வகுப்பு என்றால் ஒளிரும் துணி 0.50 சதுர மீட்டர், பட்டை 0.13 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். கத்தரி பட்டால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

ஜிப்பைத் திறந்துவிட்டுப் போட்டுக்கொள்வதும் வழியல்ல, முன்பக்கப் பட்டை இரண்டாகப் பிரிந்துவிடும். ஆண்கள் சைஸில் இரண்டு எண் கூட்டி வாங்கினால் வயிறு அடங்கும், ஆனால் கை நீளம் விரலை மூடும், தோள் தொங்கும், கிளையில் மாட்டும். கர்ப்பிணிகளுக்கென்றே வெட்டித் தைத்த ஒளிரும் ஜாக்கெட்டுகள் விற்பனையில் இருக்கின்றன. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், இரண்டு மாதம் முன்னதாகவே கேளுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் கோட்டுக்கு மேலே போட்டு முன்னால் முழுதாக மூடக்கூடிய பெரிய கையில்லா ஜாக்கெட்டாவது கேளுங்கள்.

பேன்ட் விஷயம் வேறு. அங்கே உங்கள் தையல் மிஷினுக்கு வேலை உண்டு. கடைகளில் கர்ப்பகால உடை என்று தொங்குவதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கானது. முட்டி போட்டு மண் தோண்டினால் ஒரு வாரத்தில் முழங்காலில் நைந்துவிடும். எனக்கு எரிச்சல் வருவதே இதில்தான். குனிந்து நிமிரும் வேலை செய்கிற பெண் கர்ப்பமாக மாட்டாள் என்று நினைத்துத் தைக்கிறார்களா? நல்ல கனமான வேலைப் பேன்ட்டாக, முழங்காலில் இரட்டைத் துணி வைத்ததாக, உங்கள் வழக்கமான சைஸிலேயே எடுங்கள். முன்பக்க இடுப்புப் பட்டையையும் ஜிப்பையும் எடுத்துவிட்டு, நன்றாக இழுபடும் பனியன் துணியை வயிற்றுக்கு மேல்வரை வைத்துத் தையுங்கள். பின்பக்கப் பட்டை அப்படியே இருக்கட்டும். நேர்த்தையல் போட்டால் இழுபடும்போது நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நழுவாமல் இருக்கத் தோள் வார் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தீப்பிடிக்காத துணியோ, ரசாயனம் படாமல் காக்கும் உடையோ, ரிஃப்ளெக்டர் பட்டை வைத்த பேன்ட்டோ என்றால் அதிலும் கத்தரி வைக்காதீர்கள்.

பக்கவாட்டில் பட்டன் உள்ள டங்கரீஸ், அதாவது மார்புவரை ஏறித் தோள் வாரில் நிற்கும் பேன்ட், பலருக்குப் பிடிக்கும். வயிற்றை அழுத்தாது, எடை தோளுக்குப் போய்விடும். நானும் நான்கு வாரம் போட்டேன். ஆனால் கர்ப்பத்தில் எத்தனை தடவை கழிவறை போக வேண்டியிருக்கிறது! மழையில் தூரத்துக் கழிவறைக்கு நடந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறக்கி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வருவதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். நர்ஸ் அக்கா கேட்ட முதல் கேள்வியே “தண்ணி குடிக்கிறியாம்மா?” என்பதுதான். தமிழ்க் குரல் கேட்டதே போதும் என்றிருந்தது எனக்கு. ஆகவே மேலும் கீழும் தனித்தனி உடையாக எடுங்கள். சட்டென்று இறக்கி ஏற்றக்கூடியதாக இருக்கட்டும்.

கருவிகளை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். பாதுகாப்பு பெல்ட் கட்டி உயரத்தில் ஏறுகிற வேலை என்றால், பெல்ட்டைத் தளர்த்தி ஏறலாமா என்று யோசிக்கவே வேண்டாம், தரையில் செய்யும் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் வேலைக்கும் இதே பதில்தான்.

பூட்ஸ் சாயங்காலம் வாங்குங்கள். பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில் சரியாக இருப்பதுதான் நாள் முழுவதும் சரியாக இருக்கும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் பாதம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. எனக்குத் திரும்பவில்லை. ஏழாம் மாதத்தில் குனிந்து கயிறு கட்ட முடியாது, பக்கவாட்டு ஜிப் உள்ளதாக எடுங்கள்.

அலுவல் வேலை கொஞ்சம்தான். கர்ப்பம் என்பதை முதலாளியிடம் எழுத்தில் சொல்லுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடமோ மருத்துவச்சியிடமோ என்னென்ன வேலை கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1992ஆம் ஆண்டின் 92/85 உத்தரவுப்படி, கர்ப்பிணியின் வேலையில் உள்ள ஆபத்துகளை முதலாளி மதிப்பிட்டாக வேண்டும். அமெரிக்காவில் 15 பேராவது வேலை செய்யும் இடங்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு வேலையில் நியாயமான மாற்றம் செய்து தர வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தில் கேளுங்கள்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். சூடான டிரையரில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும், நிழலில் உலர்த்துங்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டின் லேபிளில் எத்தனை சலவை தாங்கும் என்று எண் போட்டிருந்தால், பழையது வாங்குகிறவர்கள் இதுவரை எத்தனை தடவை துவைத்தது என்றும் கேட்டு வாங்குங்கள். நான் தைத்த இரண்டு பேன்ட்டில் ஒன்று இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு தோட்டக்காரத் தங்கையிடம் இருக்கிறது. இன்னொன்று அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன், அடுத்து வருகிறவளுக்கு.