ஒற்றை நடைபாதை விமானத்தில் பிசினஸ் கிளாஸ்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் ஒரே ஒரு நடைபாதை உள்ள விமானங்கள் இரண்டு மூன்று மணி நேரப் பயணங்களுக்கு மட்டுமே என்றிருந்த காலம் போய்விட்டது. ஏர்பஸ் ஏ321எல்ஆர் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டரும், அதற்குப் பின் வந்த ஏ321எக்ஸ்எல்ஆர் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டரும் இடைநில்லாமல் பறக்கக்கூடியவை. முதல் எக்ஸ்எல்ஆர் விமானத்தைப் பெற்ற ஐபீரியா நிறுவனம் 2024 நவம்பரில் அதை மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு இயக்கத் தொடங்கியது. ஏழெட்டு மணி நேரத்தை இத்தகைய விமானத்தில் கழிப்பது இனி அபூர்வமல்ல. ஆனால் பெரிய விமானங்களின் பிசினஸ் கிளாஸில் பழகியவர்களும், முதன்முறையாகச் சேமித்த பணத்தையோ மைலேஜ் புள்ளிகளையோ கொடுத்து வாங்குபவர்களும், இந்தச் சிறிய விமானத்திலும் அதே வசதி கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு டிக்கெட் எடுக்கிறார்கள். ஏமாற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, வகுப்பின் பெயரை நம்புவது. பிசினஸ் கிளாஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஐரோப்பாவுக்குள்ளும் அதன் அண்டைப் பகுதிகளுக்கும் பறக்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில், அது எகானமியில் உள்ள அதே மூன்று பேர் இருக்கைதான். நடு இருக்கையில் யாரையும் உட்காரவைக்க மாட்டார்கள், சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவே. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு இதைக் காசு கொடுத்து வாங்குவதில் நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. இரண்டாவது வகை, பக்கத்துக்கு இரண்டாக அமைந்த அகலமான சாய்விருக்கை. 2024 நவம்பரில் தில்லி–மும்பை வழித்தடத்தில் இண்டிகோ அறிமுகப்படுத்திய ஸ்ட்ரெட்ச் என்ற வகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஏ321 விமானத்தின் முன்பகுதியில் 12 இருக்கைகள், வரிசைக்கு வரிசை 38 அங்குல இடைவெளி. பகல் பயணத்துக்கு இது தாராளமானது. ஆனால் இதில் படுக்க முடியாது. மூன்றாவது வகைதான் முழுவதும் தட்டையாகிப் படுக்கையாக மாறும் இருக்கை. பலரும் மனத்தில் நினைத்துக்கொண்டு பணம் கட்டுவது இந்த மூன்றாவதற்கு. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று.

விமானத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதும் போதாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் துணை நிறுவனமான சில்க்ஏரைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அங்கிருந்து வந்த போயிங் 737-800 விமானங்களில் சாய்விருக்கைகள் இருந்தன. 2021 நவம்பரில் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய 737-8 (மேக்ஸ்) அமைப்பிலோ 76 அங்குலம் நீளும் தட்டையான படுக்கைகள் பத்து இருக்கின்றன. டிக்கெட்டில் இரண்டுமே 737 என்றுதான் கண்ணில் படும். கடைசியில் உள்ள எண்ணை யாரும் கவனிப்பதில்லை. ஃப்ளைதுபாய் நிறுவனத்திலும் பழைய 737-800க்கும் புதிய மேக்ஸுக்கும் இடையே இதே வேறுபாடு இருந்துவந்தது. ஏர் இந்தியாவில் நிலைமை இன்னும் குழப்பமானது. 2024 நவம்பரில் விஸ்தாரா அதோடு இணைந்தபோது, படுக்கையாகும் 12 இருக்கைகள் கொண்ட ஏ321 விமானங்களும், வெறும் சாய்விருக்கை கொண்ட ஏ320 விமானங்களும் ஒரே குடைக்குள் வந்து சேர்ந்தன. நிறுவனத்தின் இணையதளத்தில் முகப்பில் போடும் படம் எப்போதும் மிகச் சிறந்த இருக்கையின் படமாகத்தான் இருக்கும். ஆகவே படத்தை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட விமானத்துக்கான இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வரைபடத்தைப் படிப்பது கடினமான வித்தையல்ல. எல்லா வரிசையிலும் பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, வரிசைகளுக்கிடையே சிறிய இடைவெளியே தெரிந்தால் அது சாய்விருக்கை. ஒரு வரிசையில் இரண்டிரண்டும், அடுத்த வரிசையில் ஒவ்வொன்றுமாக மாறிமாறி வந்தால் அது உறுதியாகப் படுக்கை. பக்கத்துக்கு ஒன்று மட்டுமே, அதுவும் கோணலாக வரையப்பட்டிருந்தால், அது புதிய தலைமுறையின் தனி அறை போன்ற இருக்கை. வரிசைகளுக்கிடையே பெரிய இடைவெளியுடன் எல்லா இடத்திலும் இரண்டிரண்டாக இருந்தால், அதுவும் படுக்கையாக இருக்கலாம். ஆனால் அங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது.

ஜன்னலோரம் கிடைத்தால் விடக்கூடாது என்ற பழக்கம் பலருக்கும் உண்டு. ஏ321 உட்பட ஏ320 குடும்ப விமானங்களின் உள் அகலம் சுமார் 3.7 மீட்டர், போயிங் 787இல் அது ஏறத்தாழ 5.5 மீட்டர். 737 இன்னும் சற்றுக் குறுகியது. இந்த அகலத்தில் நடைபாதைக்கும் இடம் விட்டு நான்கு படுக்கைகளைப் பக்கம் பக்கமாக வைத்தால், ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு வெளியே வரத் தனி வழி மிஞ்சாது. பயணிகள் அனைவரும் பிசினஸ் கிளாஸிலேயே செல்லும் லா கம்பாஞ்ஞி நிறுவனத்தின் ஏ321நியோவில் 76 இருக்கைகளும் இப்படித்தான் இரண்டிரண்டாக அமைந்துள்ளன. நியூயார்க் பகுதியிலுள்ள நூவர்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே இரவில் பறக்கும்போது, பக்கத்தில் கால் நீட்டி உறங்குபவரைத் தாண்டிக்கொண்டுதான் கழிவறைக்குச் செல்ல வேண்டும். தம்பதியராகச் செல்பவர்களுக்கு இது பொருட்டல்ல. தனியாகச் செல்பவர், குறிப்பாக முழங்கால் வலி உள்ளவரோ இரவில் அடிக்கடி எழுபவரோ, இத்தகைய அமைப்பில் நடைபாதையோர இருக்கையைத் தேர்ந்தெடுப்பதே சரி. உறங்கும்போது அவரை ஒருவர் தாண்டிச் செல்லக்கூடும் என்பதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாறிமாறி வரும் அமைப்பில் தனி இருக்கைகளுக்கு அரியணை என்று பொருள்படும் செல்லப்பெயர் ஒன்று உண்டு. ஏர் லிங்கஸ் நிறுவனத்தின் ஏ321எல்ஆரில் 3ஆவது, 5ஆவது வரிசைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இவை இருக்கின்றன. மற்ற வரிசைகளில் இரண்டிரண்டு. தனி இருக்கையின் இருபுறமும் பெரிய மேசை போன்ற தளம் இருப்பதைக் கண்டு, நிறுவனம் இடத்தை வாரி வழங்கியிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அந்தத் தளங்களுக்கு அடியில்தான் பின்வரிசையில் உள்ள இருவரின் கால்கள் நீள்கின்றன. தனி இருக்கையில் படுப்பவரின் கால்களோ, முன்வரிசை இருவருக்கும் நடுவிலுள்ள குறுகிய பொந்துக்குள் செல்கின்றன. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். தனியாகச் செல்பவருக்கு இந்த இருக்கை பொன்னான இடம். ஆனால் உயரமானவருக்கும் பெரிய பாதம் உள்ளவருக்கும், முன்னால் சுவர் மட்டுமே உள்ள முதல் வரிசையில் பொந்து விசாலமாக அமைவதால், அங்கேதான் உறக்கம் நன்றாக வரும். தனி இருக்கைகள் மிகக் குறைவு என்பதால் அவை முதலில் போய்விடும், சில நிறுவனங்கள் அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. டிக்கெட் எடுத்த அன்றே இருக்கையைத் தேர்ந்தெடுக்காமல் செக்-இன் வரை காத்திருப்பவருக்கு அது கிடைப்பது அரிது.

பக்கத்துக்கு ஒன்று, சிலவற்றில் அதற்கொரு கதவும் என்ற புதிய அமைப்பைப் பற்றி இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. ஐபீரியாவின் எக்ஸ்எல்ஆரில் 14, 2025இல் பறக்கத் தொடங்கிய எதிஹாட்டின் ஏ321எல்ஆரில் 14, லண்டனுக்குப் பறக்கும் ஜெட்புளூவின் ஏ321எல்ஆரில் 24 என்று இவை பரவி வருகின்றன. எல்லோருக்கும் நடைபாதைக்கு நேரடி வழி உண்டு என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஜெட்புளூவில் உள்ளது போன்ற அமைப்பில் இருக்கை நடைபாதையைப் பார்த்துக் கோணலாகத் திரும்பியிருப்பதால் ஜன்னல் நம் தோளுக்குப் பின்னால் போய்விடும். வானத்தைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். கணவனும் மனைவியும் அடுத்தடுத்து உட்கார வழியே இல்லை, நடுவில் நடைபாதை இருக்கும். கோணம் அதிகமாக உள்ள இருக்கைகளில் தோள்பட்டை வாரோ, காற்றுப்பை பொருத்திய வாரோ கட்டாயம் என்பதால், மடியில் கைக்குழந்தையுடன் செல்பவர்களுக்குச் சில இருக்கைகள் மறுக்கப்படுவதுண்டு. குழந்தையோடு செல்பவர் இதை முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

வரிசையைத் தேர்ந்தெடுப்பதில், சாய்விருக்கை விமானத்திலும் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரிசையைப் பிடிப்பது தவறு. அங்கே முன்னால் இருக்கை இல்லாததால் கைப்பையைக் கீழே வைக்க முடியாது, புறப்படும்போது அனைத்தும் மேலே போக வேண்டும். சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. சமையல் பகுதியின் வெளிச்சமும் பாத்திரச் சத்தமும் இரவு முழுவதும் காதுக்கருகில் இருக்கும். கழிவறையும் அங்கேதான். பெரும்பாலும் முன்புறம் ஒன்றே ஒன்று. அதை விமானிகளும் பயன்படுத்துவார்கள். விமானி அறையின் கதவு திறக்கும்போது பணிப்பெண் தள்ளுவண்டியை நடைபாதைக்குக் குறுக்கே நிறுத்திவிடுவார், அந்தச் சில நிமிடங்களுக்கு யாரும் முன்னே போக முடியாது. கடைசி வரிசைக்கும் ஒரு குறை உண்டு: திரைச்சீலைக்கு அந்தப்புறம் எகானமியின் முதல் வரிசை, குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம் பல விமானங்களில் அதுதான். உறக்கமே முக்கியம் என்றால் நடு வரிசைகளே மேல்.

நேரத்தைக் கணக்கிடாமல் படுக்கைக்குப் பணம் கொடுப்பதும் வீண்செலவு. வளைகுடாவிலிருந்து தென்னிந்தியாவுக்கு நள்ளிரவில் புறப்படும் விமானம் நான்கு மணி நேரத்தில் தரையிறங்கிவிடும்; ஏறி இறங்கும் நேரமும் சாப்பாட்டு நேரமும் போக இரண்டு மணி நேர உறக்கம் மிஞ்சினால் அதிகம். அப்படிப்பட்ட பயணத்தில் படுக்கைக்குப் பணம் கொடுத்திருந்தால், சாப்பாட்டை விமான நிலைய லவுஞ்சிலேயே முடித்துக்கொண்டு, எழுப்ப வேண்டாம் என்று ஏறியவுடன் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். பகல் பயணமாக இருந்தால் நல்ல சாய்விருக்கையே போதும்.

கடைசியாக, பதிவுசெய்த பிறகு திரும்பிப் பார்க்காமல் இருப்பது. ஒற்றை நடைபாதை விமானங்கள் ஒரு நிறுவனத்திடம் டஜன் கணக்கில் இருப்பதால், ஒன்றில் பழுது ஏற்பட்டால் இன்னொன்றை இழுத்துவந்து நிறுத்துவது எளிது. அந்த இன்னொன்றில் படுக்கை இருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் இருக்கை வரைபடத்தைத் திறந்து, தான் எடுத்த எண் அதே இடத்தில் இருக்கிறதா, வரைபடத்தின் உருவமே மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் அந்தக் கணமே நிறுவனத்தை அழைத்து, படுக்கை உள்ள வேறு நேர விமானத்துக்கு மாற்றித்தரக் கேட்கலாம். விமான நிலையத்தில் போய்க் கேட்டால் காலி இடம் இருக்காது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதி, வகுப்பையே கீழிறக்கினால் உள்நாட்டுப் பயணத்துக்கு வரி உட்பட டிக்கெட் தொகையில் 75 விழுக்காட்டையும், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 விழுக்காட்டையும் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் இது பிசினஸிலிருந்து எகானமிக்கு இறக்குவது போல வகுப்பே மாறினால்தான் பொருந்தும். படுக்கைக்குப் பதில் சாய்விருக்கை தந்தால், வகுப்பு மாறவில்லை என்பதே நிறுவனத்தின் பதிலாக இருக்கும். பயண ஒப்பந்தத்திலும் குறிப்பிட்ட இருக்கை வகைக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி வழக்கமாக இருக்கும். இருந்தாலும் பழைய வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பின்னர் எழுதிக் கேட்டால், மைலேஜ் புள்ளிகளாகவோ அடுத்த பயணத்துக்கான சலுகையாகவோ ஏதேனும் தர நிறுவனங்கள் சில வேளைகளில் இணங்குவதுண்டு.