க்வில்ட் கண்காட்சியில் வகுப்பும் எடுத்து, துணியும் விற்பது எப்படி

க்வில்ட் என்பது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை; சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்து அதன் மேல்துணியைத் தைப்பது பேட்ச்வொர்க். பேட்ச்வொர்க் வகுப்பும் எடுக்க வேண்டும், அதே கண்காட்சியில் துணிக்கடையும் போட வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் வகுப்பறையில் நிற்கும்போது கல்லாவில் யார்? பதில் இல்லையென்றால் இந்த முறை இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். என் கடையில் கல்லா என் அக்காவுடையது. ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் எந்தத் துணித் தானில் எத்தனை கஜம் மிச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நான் நடுவில் போய்ப் பேச்சுக் கொடுத்தால், "நீ போய்ப் பாடத்தைப் பாரு" என்று விரட்டிவிடுவாள். அப்படி ஒரு ஆள் அமைந்துவிட்டால் மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடக்கும்போது எதையும் விற்காதீர்கள். காசு கட்டி உட்கார்ந்திருப்பவர்களிடம் "இந்த ரூலர் நம்ம கடையில் கிடைக்கும்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். முகம் சுளித்துக்கொண்டுதான் கேட்பார்கள். கடை எண்ணை விளக்கத் தாளின் அடியில் அச்சடித்துவிடுங்கள், போதும். கற்றுக்கொண்டவர் தானாக வருவார். கடையில் நிற்கும்போது மட்டும் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். அங்கே நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சின்ன விஷயமும் துணி வாங்கத் தயங்குகிறவரின் தயக்கத்தைப் போக்கும்.

எதைச் சொல்லிக்கொடுப்பது?

கண்காட்சி வகுப்புகள் பெரும்பாலும் அரை நாள் அல்லது முழு நாள். அரை நாள் என்றால் கையில் இருப்பது சுமார் மூன்று மணி நேரம். அங்கே கொடுக்கிற மெஷின் வருகிறவர்களுக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம், நூல் கோக்கவே நேரம் பிடிக்கும். அதனால் பெரிய க்வில்ட் கனவெல்லாம் வேண்டாம். புதியவர்களுக்கு நான் எடுப்பது நைன் பேட்ச். மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுரம். இது யாருக்கும் சொந்தமில்லாத பழைய வடிவம் என்பதால் அனுமதிப் பிரச்சினையும் இல்லை. இன்னொரு வடிவமைப்பாளரின் பேட்டர்னை வைத்து வகுப்பு எடுப்பதானால் அவரிடம் அனுமதி கேளுங்கள். மாணவருக்கு ஒரு பிரதி வீதம் விலைக்கு வாங்குங்கள். ஒன்றை வாங்கி எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுப்பது திருட்டு, அதில் பேச ஒன்றுமில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். முடிந்தபின் 6 அங்குலம் வருகிற நைன் பேட்ச் ஐந்து, இடையிடையே வெறும் சதுரம் நான்கு. சேர்த்துத் தைத்தால் 18 அங்குலச் சதுரம், ஒரு மெத்தைத் தலையணை உறைக்கான முன்பக்கம். நைன் பேட்சுக்கு 2½ அங்குலப் பட்டைகள்: அடர் நிறத்தில் ஐந்து, வெளிர் நிறத்தில் நான்கு. அடர்-வெளிர்-அடர் என்று இரண்டு தொகுப்பு, வெளிர்-அடர்-வெளிர் என்று ஒரு தொகுப்பு தைத்து, குறுக்கே 2½ அங்குலமாக நறுக்கினால் 22 அங்குல நீளத்தில் தொகுப்புக்கு எட்டுத் துண்டு தேறும். தேவை பத்தும் ஐந்தும்தான், பிழை போனாலும் மிச்சம் இருக்கும். வெறும் சதுரங்கள் 6½ அங்குலம். ஆக ஒருவருக்கு மூன்று ஃபேட் குவார்ட்டர் (கால் கஜத் துணித் துண்டு) போதும்: ஒன்று அடர், ஒன்று வெளிர், ஒன்று சதுரங்களுக்கு.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 18-க்கு 22 அங்குலம் உள்ள ஃபேட் குவார்ட்டர்தான் கண்காட்சிக் கடைகளில் அதிகம் கைமாறும் அளவு. "மூன்று துண்டில் இவ்வளவு வருமா" என்பதைத் தன் கையால் தைத்துப் பார்த்தவருக்குக் கடையில் அடுக்கியிருக்கும் துண்டுகள் வேறு மாதிரித் தெரியும்.

கால் அங்குலம்

வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் வேகமாகக் கடந்துபோகலாம், இதை மட்டும் கடக்காதீர்கள். பேட்ச்வொர்க்கில் தையலுக்கு விடுவது கால் அங்குலம். ஒவ்வொரு தையலிலும் அதில் 1/16 அங்குலம் கூடிவிட்டது என்று வையுங்கள். இரண்டு பக்கத் துணியிலும் அது குறையும், ஆக ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் நட்டம். ஒன்பது சதுரம் உள்ள ஒரு வரிசையில் எட்டுத் தையல். வரிசை முழுசாக ஒரு அங்குலம் சுருங்கியிருக்கும். அப்புறம் பக்கத்து வரிசையோடு எப்படிப் பொருந்தும்?

அதனால் முதல் வேலையாக எல்லாரையும் 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டு வெட்டச் சொல்வேன். பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுத்துண்டை அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்கு அதிகம் எடுக்கிறார்கள், கூடினால் குறைவாக எடுக்கிறார்கள். "அக்கா, மெஷின்லயே கால் இன்ச் ஃபுட்தான் போட்டிருக்கு, அப்புறம் ஏன் குறையுது?" என்று ஒருவராவது கேட்பார். ஃபுட் என்றால் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். துணி மடங்கும் இடத்தில் ஓரிரு நூல் தடிமன் விழுங்கப்படுகிறது, அதுதான் காரணம். ஆகவே கால் அங்குலத்தைவிட ஒரு நூலிழை குறைவாக விட்டுத் தைக்க வேண்டும். ஊசியை நகர்த்த முடிகிற மெஷின் என்றால் ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளினால் சரியாகும். முடியாதென்றால், ரூலரை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியைக் கால் அங்குலக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே இறக்கி, ரூலர் ஓரத்தை ஒட்டி மெஷின் தளத்தில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டுங்கள். துணி அந்தத் திண்டில் உரசிக்கொண்டு போகும். மறுபடி மூன்று துண்டு, மறுபடி அளவு. எல்லாருக்கும் 1 அங்குலம் வரும்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. சிலர் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

தையல் நீளம் 2 மில்லிமீட்டர், 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி. இதை விளக்கத் தேவையில்லை, பலகையில் எழுதிப் போட்டால் போதும்.

வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரை ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு இந்தக் கலையின் வேகமே மாறிவிட்டது. 45 மில்லிமீட்டர் அளவுதான் எல்லாருக்கும் ஏற்றது. உங்களை விட்டு வெளிப்பக்கமாக உருட்டுங்கள், வெட்டி முடித்த அடுத்த நொடி பிளேடை மூடுங்கள். இந்த இரண்டிலும் நான் கண்டிப்பு, வயசு பார்ப்பதில்லை. தானில் துணி மடித்துச் சுற்றியிருக்கும் மடிப்பை நம்பி நீளப் பட்டை வெட்டாதீர்கள். பல சமயம் அது கோணலாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் பட்டையின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு வளைவு வந்திருக்கும். கரையோடு கரை சேர்த்துப் பிடித்து, கீழே மடிப்பு சுருக்கமின்றித் தொங்கும்வரை நகர்த்தி, அப்புறம் வெட்ட வேண்டும். விளிம்பு பல்பல்லாக வெட்டி வரும் ஆயத்தத் துண்டுகளில் அளவு பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ரூலரை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேய்ப்பதில் ஒரே விதி: பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் கிராஸ் (சாய்வாக வெட்டிய) ஓரங்கள் அலை அலையாகிவிடும். தையல் மடிப்பை அடர் நிறத்தின் பக்கம் தள்ளித் தேய்த்தால், நைன் பேட்சில் அடுத்தடுத்த வரிசை மடிப்புகள் தானாக எதிரெதிர்ப் பக்கம் விழும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், விரலால் தடவினாலே தெரியும். குண்டூசி குத்தாமலேயே முனைகள் சேர்கிற அந்த இடத்தில்தான் வகுப்பில் முதல் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இஸ்திரிப்பெட்டி என்றதும் மின்சாரம் நினைவுக்கு வருகிறது. முன்கூட்டியே அமைப்பாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1500 வாட் பெட்டி ஒன்று 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சுற்றில் இரண்டாவது பெட்டியைச் செருகினால் அறை முழுக்க மெஷின் நின்றுவிடும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர், கொஞ்சம் தாங்கும். தேய்க்கும் மேசைகளுக்கும் மெஷின்களுக்கும் தனித்தனிச் சுற்று கேளுங்கள்.

நிறம் தேர்வதற்கு நான் பாடம் நடத்துவதில்லை, போனை எடுக்கச் சொல்வேன். தேர்ந்த துணிகளை அடுக்கி, கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தால், தூரத்திலிருந்து பார்க்கும்போது உங்கள் சதுரங்கள் ஒன்றோடொன்று கரைந்துபோகும். வாங்குகிறவர்களுக்கு நடுத்தர நிறங்கள்தான் பிடிக்கும், அவற்றையே அள்ளுவார்கள். நல்ல அடர்த்தியும் நல்ல வெளிர்மையும்தான் வடிவத்தைத் தூக்கிக் காட்டும். கடையில் ஒருவர் மூன்று துணியோடு தடுமாறி நிற்கும்போதும் இதே போன் வைத்தியம்தான்.

கடை

சிறிய கடைக்குப் பத்துக்குப் பத்து அடி இடம் என்பது வழக்கமான அளவு. அமெரிக்காவின் ஹூஸ்டன், பதூக்கா, இங்கிலாந்தின் பர்மிங்காம் மாதிரிப் பெரிய கண்காட்சிகளில் முதல் கடை போடாதீர்கள். சிறியதில் பழகுங்கள். விளக்கு, மேசை விரிப்பு, தீத்தடுப்பு விதி எல்லாம் அரங்குக்கு அரங்கு மாறும், ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள்.

விளக்குக்குத் தயங்காமல் செலவழியுங்கள். அரங்க வெளிச்சத்தில் தந்த நிறமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து ஏமாந்தவர் அடுத்த முறை நம் பக்கம் திரும்ப மாட்டார். 5000 கெல்வின் அளவில் பகல் வெளிச்சம் தரும் விளக்குகளை வெட்டும் மேசைக்கு மேலே மாட்டுங்கள்.

சரக்குக் கணக்கு எளிது. 15 கஜத் தான் ஒன்றில் ஃபேட் குவார்ட்டர் 60 கிடைக்கும். வகுப்பில் 20 பேர் என்றால் மூன்று நிறத்திலும் தலா 5 கஜம் போகும், மீதி 10 கஜம் கடைக்கு. வகுப்புத் துண்டுகளை முதல் நாளே வெட்டிப் பையில் போட்டு, பெயர் எழுதி, கடைச் சரக்கோடு கலக்காமல் தனியாக வையுங்கள். தான் நீளமே குறைவாகச் சுற்றி வருவதும் உண்டு, வந்தவுடன் அளந்து எழுதுங்கள்.

துணியை விற்றுக்கொடுப்பது, தைத்துத் தொங்கவிட்ட மாதிரித் துண்டுதான். துணியை மட்டும் அடுக்கி வைத்தால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதே துணியில் தைத்த 18 அங்குலச் சதுரம் மேலே தொங்கினால் நின்று "இது எதில் தைத்தது" என்பார்கள். அதனால் ஒரு நிபந்தனை: தொங்குகிற மாதிரியின் துணி கடையில் இருக்க வேண்டும். க்வில்ட் துணி வடிவங்கள் பெரும்பாலும் ஒருமுறைதான் அச்சாகும், தீர்ந்தால் மறுபடி கிடைப்பது அபூர்வம். கடைசி கிட் (அந்த மாதிரிக்கான துணித் தொகுப்பு) விற்றவுடன் மாதிரியை இறக்கிவிடுவது அக்காவின் சட்டம். நான் அதன் அழகுக்காக விட்டுவைக்கப் பார்ப்பேன், அவள் விட மாட்டாள். அவள் சொல்வதுதான் சரி. இல்லாத துணியைப் பற்றி நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பூப்போட்டது, பறவை போட்டது எல்லாம் கண்ணைப் பறிக்கும், ஆனால் தேவைப்படுவது பின்னணித் துணி. வெள்ளை, தந்த நிறம், வெளிர் சாம்பல், ஒரு நல்ல கறுப்பு. இவற்றை முழுத் தானாக வைத்திருங்கள், ஃபேட் குவார்ட்டராக வெட்டிவிடாதீர்கள். பின்னணிக்கு யாரும் கால் கஜம் கேட்பதில்லை, இரண்டு மூன்று கஜமாகத்தான் கேட்பார்கள். ஓரப்பட்டிக்கான கோடு போட்ட துணி ஒன்று இருந்தால் நல்லது. கிராஸாக வெட்டிப் பைண்டிங் போட்டால் அழகாக இருக்கும், அந்த மாதிரி ஒன்றையும் தொங்கவிடுங்கள்.

வெட்டும் மேசையில் ஒரு நோட்டு. எந்தத் தானிலிருந்து எவ்வளவு வெட்டினோம் என்பதை வெட்டிய கையோடு எழுத வேண்டும், ராத்திரி நினைவிலிருந்து எழுதினால் கணக்கு இடிக்கும். கூட்டம் நெருக்கும்போது வெட்டுகிறவர் ஒருவர், காசு வாங்குகிறவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் ரோட்டரி கட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சில்லறை எண்ணுவார்.

வகுப்பு முடிந்த அரை மணி நேரம் நீங்கள் கண்டிப்பாகக் கடையில் இருக்க வேண்டும். பாதி தைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "இதைப் பெரிசாக்க இன்னும் எவ்வளவு துணி வேணும்?" என்று கேட்பார்கள். அதற்கான கணக்கை முன்பே போட்டு அட்டையில் எழுதி வைத்திருங்கள்: தொட்டில் அளவுக்கு இவ்வளவு, ஒற்றைக் கட்டிலுக்கு இவ்வளவு, நடுப்பஞ்சும் அடித்துணியும் நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக. அடித்துணிக்கு 108 அங்குல அகலத் துணி கைவசம் இருந்தால் நடுவில் ஒட்டுப் போடும் வேலை மிச்சம், அதையும் காட்டுங்கள்.

கடைசி நாள் மூட்டை கட்டும்போது அரை கஜத்துக்குக் குறைந்த தான் நுனிகளை 2½ அங்குலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டுங்கள். அதற்கும் தேறாதவை 5 அங்குலச் சதுரம். மிஞ்சியதை நிறம் பிரித்து எடைக்குப் பையில் போடுங்கள். மூன்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வகுப்பின் மூன்று துண்டுப் பயிற்சிக்குத் தனியாகத் துணி வெட்ட வேண்டியதில்லை.