கருவிலேயே ஆபரேஷன்: தெரியாமல் நாம் செய்யும் தவறுகள்

ஸ்கேன் எடுத்த டாக்டர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சித்தி மகள் போனில் சொன்னபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், குழந்தையின் தலை எலுமிச்சை வடிவம், சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது, இடுப்புப் பக்கம் முதுகெலும்பு மூடவில்லை. ஸ்பைனா பைஃபிடா. அன்று ராத்திரியே வீட்டில் ஆளாளுக்குப் போனில் தேடி, "வயித்துக்குள்ளயே ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாமாம்" என்று ஒரே பேச்சு. அதற்கடுத்த இரண்டு வாரத்தில் நாங்கள் செய்த தவறுகளை வேறு யாரும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஐந்தாம் மாத ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆடி முடியட்டும், அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் 22 வாரம் தாண்டிவிட்டது. இந்த ஆபரேஷனைப் பொதுவாக 26 வாரம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். அதற்கு முன் பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம் கோளாறு வேறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஒன்றுக்கு நாலு டாக்டரிடம் பேச வேண்டும். இதற்கெல்லாம் நாள் வேண்டாமா? கர்ப்பத்தைத் தொடர்வதா என்று யோசிப்பவர்களுக்கும் இதே நெருக்கடிதான். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்தின்படி 24 வாரத்துக்கு மேல் போனால், கடுமையான குறைபாடாக இருந்தாலும் மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாரக் கணக்கே குழம்பிவிடக்கூடாது என்றால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நாங்கள் அதைத் தேடியே ஒரு நாளை வீணாக்கினோம்.

அடுத்தது, வயிற்றுக்குள் தைத்துவிட்டால் குழந்தை முழுசாகக் குணமாகிவிடும் என்று நம்புவது. மூடாத தண்டுவடம் மாதக்கணக்கில் பனிக்குட நீரில் கிடந்து, கருப்பைச் சுவரில் உரசி மேலும் பழுதாகிறது. அந்த ஓட்டை வழியாக மூளைத் தண்டுவட நீர் கசிவதால் சிறுமூளை கீழே இழுபட்டு, தலையில் நீர் தேங்குகிறது. சீக்கிரம் மூடினால் இந்தத் தொடர் சேதத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே பழுதான நரம்பு திரும்பி வராது. அமெரிக்காவில் 183 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்திய மாம்ஸ் ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. தலையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் ஷன்ட் குழாய், பிறந்தபின் ஆபரேஷன் செய்த குழந்தைகளில் ஒரு வயதுக்குள் 82 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்டது, கருவிலேயே செய்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு. இரண்டரை வயதில் பிடிமானமோ காலிபரோ (காலைத் தாங்கக் கட்டும் கருவி) இல்லாமல் நடந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடினார்கள். பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கருவிலேயே செய்தும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அப்படி நடக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டுப் பிரச்சினைக்கும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இன்றும் மனசு உறுத்துவது வேறொன்று. கத்தி படப்போவது அம்மாவின் உடம்பில் என்பதை மறந்துவிட்டோம். கூடத்தில் உட்கார்ந்து மாமாவும் சித்தப்பாவும் "பண்ணிடலாம்" என்று முடிவெடுத்துக்கொண்டிருக்க, அவள் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கருப்பையைத் திறந்து, குழந்தையின் முதுகை மூடி, நீரை நிரப்பி, மறுபடி தைக்க வேண்டும். அதே ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனது. மூன்றில் ஒருவருக்குப் பிரசவ நேரத்தில் கருப்பையில் தையல் போட்ட இடம் மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. அதன்பிறகு இந்தக் குழந்தைக்கும் சரி, அடுத்த குழந்தைக்கும் சரி, வலி வருவதற்கு முன்பே சிசேரியன்தான். இதையெல்லாம் அவளிடம் நேரில் உட்கார்ந்து சொல்லி, அவள் வாயால் பதில் கேட்காமல் யாரும் தலையாட்டக்கூடாது.

சிறு துளை போட்டுச் செய்தால் ஆபத்தே இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். கருப்பைக்குக் காயம் குறைவுதான், ஆனால் பனிக்குடம் முன்கூட்டியே உடையும் ஆபத்து அதிலும் உண்டு.

எல்லாக் குறைபாட்டுக்கும் இதைக் கேட்டுப் போவதும் வீண் அலைச்சல். உதட்டுப் பிளவுக்கும் வளைந்த பாதத்துக்கும் பிறந்தபின் நல்ல சிகிச்சை இருக்கிறது. அதற்காகக் கருப்பையைத் திறக்க மாட்டார்கள். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் மார்புக்குள் ஏறி நுரையீரலை அமுக்கினால், மிகக் கடுமையான நிலையில் மட்டும் நுரையீரல் வளர்வதற்காகக் குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒரு சின்ன பலூன் வைப்பார்கள். 2021இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட குழந்தைகளில் பிழைத்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். அந்தப் பலூனைப் பிறப்பதற்கு முன் எடுத்தாக வேண்டும், சுமார் 34 வாரத்தில். ஆகவே பலூன் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்புவது உயிருக்கே ஆபத்து. எடுக்கத் தெரிந்த ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்க வேண்டும்.

சித்தி மகளுக்குக் கடைசியில் ஆபரேஷன் செய்யவில்லை. கருப்பை வாய் குட்டையாக இருந்ததால், குறைமாதப் பிரசவ ஆபத்து அதிகம் என்று டாக்டரே வேண்டாம் என்றார். கை விட்டுவிட்டார்கள் என்று சித்தி அழுதார். அதுவும் தவறுதான், ஏனென்றால் பிறந்தபின் மூடுவதும் முறையான சிகிச்சையே. பையனுக்குப் பிறந்த இரண்டாம் நாள் முதுகை மூடினார்கள், பிறகு ஷன்ட் வைத்தார்கள். இப்போது காலிபர் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வருகிறான்.

அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறாள். வழக்கமாகச் சொல்லும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம். ஒரு குழந்தைக்கு இப்படி வந்திருந்தால் அதைப்போல் பத்து மடங்கு, 4 மில்லிகிராம், டாக்டர் எழுதிக் கொடுத்து, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிட வேண்டும். நாள் தள்ளிப்போனபிறகு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். தண்டுவடமாக மாறும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள்.