லேஸ் சால்வைக்கு ஒரு காவல் நூல்

குழுவாகச் சேர்ந்து லேஸ் (துளைத் துளையாக வரும் பின்னல்) சால்வை பின்னுகிறீர்களா? ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஊசியில் இருக்கும் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் வேறு நிறத்தில் மெல்லிய, வழவழப்பான பருத்தி நூலைக் கோத்துவிட்டு, சார்ட்டில் (டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படம்) அந்த வரிசை எண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்த பகுதியில் கணக்கு இடித்தால், ஊசியை உருவிவிட்டு அந்தக் காவல் நூல்வரை தைரியமாகப் பிரிக்கலாம்.

லேஸில் துளைக்காகச் சுற்றிய நூலும் இரண்டைச் சேர்த்துப் பின்னிய கண்ணியும் அடுத்தடுத்து வரும். பிரித்த பிறகு எது எதுவென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. கோத்த நூலோ அந்த வரிசையை அப்படியே பிடித்துவைத்திருக்கும். அதனால், டிசைன் இல்லாத பர்ல் வரிசை (பின்பக்கத்திலிருந்து பின்னும் வெற்று வரிசை) முடிந்ததும் கோப்பதே நல்லது. முனை மழுங்கிய தையல் ஊசி போதும். இரு ஓரத்திலும் 15 செ.மீ. விடுங்கள். அடையாளத்துக்காக ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையத்துக்குள் மட்டும் நூல் போகக்கூடாது. போனால் வளையம் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும். முனை கழற்றி மாட்டும் ஊசி என்றால், முனையும் கேபிளும் (இரு முனைகளையும் இணைக்கும் வளையும் கம்பி) சேரும் இணைப்பில் உள்ள சிறு துளையில் நூலை மாட்டிப் பின்னுங்கள். அந்த வரிசையிலேயே தானாகக் கோத்துவிடும், எவ்வளவு நேரம் மிச்சம்!

மோஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) நூலில் இதன் பலன் பாதிதான். அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பிரிப்பதே கடினம். டிசைன் இல்லாத சாக்ஸுக்கு இது தேவையே இல்லை.