பிரேக் ஷூ, பேட் மாற்றும் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூட்டரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று போனால், பல இடங்களில் பின் சக்கரத்துப் பக்கம் இருக்கிற நட்டை இரண்டு சுற்று முறுக்கி, "டைட் வச்சாச்சுண்ணே, ஓட்டிப் பாருங்க" என்பார்கள். பிரேக்கும் பிடிக்கும். பெரிய தவறே இதோடு திருப்தியாகிவிடுவதுதான். லிவரில் இருந்த லூஸ் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்ந்த லைனிங் (ஷூ, பேட் மேல் இருக்கும் உரசித் தேயும் படலம்) தேய்ந்ததுதான்.

டிரம் பிரேக்கில் (சக்கர நடுவில் இருக்கும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்தும் வகை) தேய்மானத்தைக் கழற்றாமலே பார்க்கலாம். கேபிள் இழுக்கிற இரும்புக் கை டிரம் மூடியில் சேரும் இடத்தில் சேற்றைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஒரு சின்ன அம்புக்குறியும், மூடியில் ஓர் அடையாளமும் இருக்கும். ஒருவர் பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கவனிக்க வேண்டும். அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. அதற்குமேல் டைட் வைக்கவே கூடாது. வைத்து ஓட்டினால் ஷூவின் உலோகம் டிரம்மை அறுக்கும். பல அலாய் வீல்களில் டிரம் சக்கரத்தோடு சேர்ந்தே வருவதால், ஷூவோடு போகவேண்டிய செலவு சக்கரம் வரை போய்விடும்.

டிஸ்க் பிரேக்கில் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வி நிறுத்தும் வகை) சத்தம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். காரில் பல பேட்களில் கீச்சிட்டு எச்சரிக்கும் தகடு உண்டு. பைக்கில் பெரும்பாலும் பேட்டில் இருக்கும் பள்ளக்கோடுதான் கணக்கு. அது மறைந்தால் மாற்ற வேண்டும். காரில் லைனிங் 3 மி.மீ. அளவுக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. வெளிப்பக்கப் பேட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். காலிப்பர் (பேட்களை அழுத்தும் கவ்வி) நகர உதவும் ஊசி இறுகியிருந்தால் உள்பக்கப் பேட் முன்னதாகவே கரைந்திருக்கும்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்புவதும் இதே கதைதான். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் மட்டம் இறங்கும். அதனால் முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் குறைகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது.

பேட் புதிதாக இருந்தாலும் ஆயில் பழசாக இருந்தால் ஆபத்துதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடலாம், ஆயில் கொதித்து பெடல் பொதுக்கென்று உள்ளே போகும். பல வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

அப்புறம், காரில் இடது, வலது சக்கரங்களில் ஒரு பக்கம் மட்டும் பேட் மாற்ற வேண்டாம். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.