ட்ரையத்லான் வெட்சூட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் காலையில் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் இப்போது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஓட்டத்தில் பயம் இல்லை, சைக்கிளில் பயம் இல்லை, நீச்சலில்தான் தயக்கம். அதனால் வெட்சூட் என்கிற, நீந்தும்போது உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையைத் தேடி, எடுத்த எடுப்பிலேயே, "அண்ணாச்சி, நல்லா மிதக்கிற வெட்சூட் ஒண்ணு சொல்லுங்க, இருக்கதுலயே தடிமனா இருக்கட்டும்" என்று கேட்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் போடும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எந்தத் தண்ணீரில் நீந்தப் போகிறோம் என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. வெட்சூட்டுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதை அன்றைய தண்ணீரின் வெப்பநிலைதான் முடிவு செய்யும். அயர்ன்மேன் என்கிற நெடுந்தூர ட்ரையத்லான் போட்டிகளில் வயதுப் பிரிவினர், அதாவது தொழில்முறை வீரர் அல்லாத நம்மைப் போன்றவர்கள், 24.5 டிகிரி செல்சியஸ் வரை போடலாம். அதற்கு மேல் 28.8 வரை போட்டு நீந்த விடுவார்கள், ஆனால் வயதுப் பிரிவுப் பரிசுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதையும் தாண்டினால் யாருக்கும் அனுமதி கிடையாது. உலக ட்ரையத்லான் அமைப்பின் விதி இன்னும் கடுமை: 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் வயதுப் பிரிவினருக்கு 22 டிகிரிதான் எல்லை. கோவாவில் நடக்கிற அயர்ன்மேன் 70.3 (மொத்த தூரம் 70.3 மைல்) போட்டியின் 1.9 கிலோமீட்டர் நீச்சல் வெதுவெதுப்பான அரபிக் கடலில். அதற்கு மட்டும் போகிறவருக்கு வெட்சூட் தேவையே இல்லை. நியூசிலாந்தின் டௌபோ ஏரி, டென்மார்க்கின் கோபன்ஹேகன் மாதிரிக் குளிர்ந்த இடங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தால்தான் இது வாங்க வேண்டிய பொருள். விதிகள் அவ்வப்போது மாறும், பதிவு செய்த போட்டியின் விதிப்புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. அடுத்த தவறு, அதிகமாக மிதந்தால் அதிக வேகம் என்று நம்புவது. இந்த விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வெட்சூட்டின் துணி நியோப்ரீன் என்கிற ரப்பர் நுரை. உள்ளே லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழிகள். உடம்புச் சூடு வெளியே போகாமல் தடுப்பதும் அவைதான், நம்மைத் தூக்கிப் பிடிப்பதும் அவைதான். போட்டிக்கு அனுமதிக்கப்படுகிற தடிமன் அதிகபட்சம் 5 மி.மீ. தயாரிக்கிறவர்கள் அந்த 5 மி.மீட்டரை உடம்பு முழுக்கப் போடுவதில்லை. நெஞ்சு, இடுப்பு, தொடையில் தடிமனாக வைத்து, தோளிலும் அக்குளிலும் 1.5 அல்லது 2 மி.மீட்டருக்கு இறக்குவார்கள். தடிமன் எந்த இடத்தில் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் சூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தண்ணீரில் குப்புறக் கிடக்கும் உடம்பு துலாக்கோல் மாதிரி. காற்று நிறைந்த நெஞ்சு நடுவில் தாங்குகிறது. தலை மேலே போனால் கால் கீழே போகும். தாமிரபரணியில் நீச்சல் பழகியவர்களில் பெரும்பாலோர் தலையைத் தூக்கி, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே நீந்துகிறவர்கள். ஆற்றில் அது நல்ல பழக்கம், என்ன வருகிறது என்று பார்க்க வேண்டுமே. ஆனால் 1.9 கிலோமீட்டர் அப்படி நீந்தினால் கால் தொங்கி, உடம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டக்காரர்களுக்கு இது இன்னும் கூடுதல், ஏனென்றால் கொழுப்பு குறைந்த, தசை இறுகிய கால் சட்டென்று அமிழும். இப்படிப்பட்டவருக்கு இடுப்பிலும் தொடையிலும் தடிமன் கூடிய, நல்ல மிதப்பு உள்ள சூட் உண்மையிலேயே கை கொடுக்கும்.

சிறு வயதிலிருந்து குளத்தில் பயிற்சி எடுத்தவர் அதே சூட்டைப் போட்டால் கதை வேறு. அவருக்கு ஏற்கெனவே இடுப்பு மேல்மட்டத்தில் இருக்கிறது. மேலும் தூக்கினால் பாதம் தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை உதைக்கும், முதுகு வளையும், கொஞ்ச நேரத்தில் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். பெண்களில் பலருக்கும் இடுப்பும் தொடையும் இயல்பாகவே நன்றாக மிதக்கும். இவர்களுக்கு மிதப்பு சமமாகப் பரவிய, கால் பகுதி மெலிந்த சூட்தான் சரி.

நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்குப் போங்கள். சுவரை உதைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கை இரண்டையும் முன்னால் நீட்டி, காலை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக் கிடங்கள். கரையில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் குறைவதற்குள்ளேயே குதிகால் கீழே இறங்கினால் உங்களுக்கு மிதப்பு தேவை. வேகம் நின்ற பிறகும் குதிகால் மேல்மட்டத்துப் பக்கமே இருந்தால் தேவையில்லை. பரிசோதித்த இடம் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதையும் மனதில் வையுங்கள். தூத்துக்குடிக் கடலில் கிடைக்கிற தூக்கல் ஆற்றிலும் ஏரியிலும் கிடைக்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெட்சூட் உயிர்காக்கும் கவசம் இல்லை. நீந்தத் தெரியாதவரையோ மயங்கியவரையோ முகம் மேலே இருக்கும்படி அது பிடித்து வைக்காது. ஆற்றில் மணல் அள்ளிய குழியும் சுழலும் எத்தனை வீட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சூட் இருக்கிறது என்ற தைரியத்தில் தெரியாத துறையில் இறங்காதீர்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். வளருகிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி ஒரு அளவு கூட்டி எடுப்பது நமக்குப் பழக்கம். வெட்சூட்டில் அது ஆகாது. தொளதொளப்பாக இருந்தால் கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து இடுப்பில் தேங்கி, மிதப்புக்குப் பதில் பாரம்தான் மிஞ்சும். காய்ந்த நிலையில் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீரில் கொஞ்சம் தளரும். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் உயரத்தைவிட எடையை நம்புங்கள்.

பல சமயம் சூட் சிறிது என்று திருப்பி அனுப்புகிறார்கள், உண்மையில் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே விளிம்பை நிறுத்தி, விரல் நுனியின் சதையால் சிறிது சிறிதாகத் துணியை மேலே ஏற்றுங்கள். நகம் பட்டால் கிழியும். கவட்டையில் இடைவெளி இல்லாமல் ஏறிய பிறகே கையை நுழைக்க வேண்டும். கவட்டையில் இடைவெளி விட்டால் அது தோளைக் கீழே இழுக்கும், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், தண்ணீரில் அந்த உணர்வு பதற்றமாக மாறும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். வேர்த்த உடம்பில் இதெல்லாம் நடக்காது. மின்விசிறிக்குக் கீழே, உடம்பைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

சர்ஃபிங் அல்லது டைவிங் சூட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். தோள் தடிப்பு, வெளிப்பக்கத் துணி தண்ணீரை உறிஞ்சும், கை சீக்கிரம் ஓயும்.

அப்புறம், போட்டி நாளில்தான் முதல்முறை போடுவேன் என்று பெட்டியிலேயே வைத்திருப்பதும் தவறு, சித்திரை வெயிலில் போட்டு ஒரு மணி நேரம் நீந்துவதும் தவறு. நம் ஊர்த் தண்ணீரில் 5 மி.மீ. சூட்டுக்குள் உடம்பு கொதித்துவிடும். மார்கழி, தை அதிகாலைதான் இதற்கு ஏற்ற நேரம். பத்துப் பதினைந்து நிமிடம் நீந்துங்கள், தலை கனத்தாலோ படபடத்தாலோ உடனே ஏறி ஜிப்பைத் திறந்துவிடுங்கள். இறங்கியதும் கழுத்துப் பட்டியை விரலால் இழுத்து உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டால் நெஞ்சு இறுக்கம் குறையும். போட்டியன்றும் இதையே செய்யலாம்.

கழுத்து உராயாமல் இருக்கப் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், அது நியோப்ரீனைக் கெடுக்கும். இதற்கென்றே விற்கிற, பெட்ரோலியம் சேராத களிம்பு வாங்குங்கள். நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உட்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் மடித்துப் போட்டு உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் ரப்பர் விறைத்து, மடங்குகிற இடமெல்லாம் வெடிக்கும். பழைய சூட் வாங்குகிறவர்களும் அந்த இடங்களைத்தான் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும்: அக்குள், முழங்காலின் பின்பக்கம், ஜிப்பின் அடிமுனை. நகம் பட்ட சின்னக் கீறலை நியோப்ரீன் பசையால் ஒட்டிவிடலாம். மடிப்பெல்லாம் வெடித்து விறைத்த சூட்டை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.